பசுவுக்கான பொத்தான்

ஊரார் வீட்டுப் பாலெல்லாம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லுகிற வேலை அவளுக்கு. பால் குளிரூட்டும் நிலையத்தின் பின்பக்கம், லாரிகள் வந்து நிற்கிற மேடையை ஒட்டி ஒரு சின்ன அறை. வெள்ளை ஓடு பதித்த சுவர், ஒரு மேசை, ஒரு கழுவு தொட்டி, மேசைமேல் ஒரு சோதனை எந்திரம். கேன் கேனாகப் பால் வந்து இறங்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குப்பி எடுத்து எந்திரத்தின் குழாய்க்கு அடியில் வைப்பாள். அது உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் முனகும். பிறகு கொழுப்பு இவ்வளவு, மற்ற சத்து இவ்வளவு, கலந்த தண்ணீர் இவ்வளவு என்று வரிசையாக எண்களைக் காட்டும். நல்ல பால் உள்ளே போகும். தண்ணீர்ப் பால் வந்த வழியே திரும்பும்.

லாரிக்காரர்கள் அவளுக்கு 'மீட்டரக்கா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி. "மீட்டரக்கா முறைச்சாலே போதும், பாலே உண்மையச் சொல்லிரும். மெஷின் எதுக்கு?" என்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். சிரித்தால் சலுகை கேட்பார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே புரிந்துகொண்டவள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து அவள் போடுகிற சத்தம் பெரும்பாலும் ஒன்றேதான்.

"கலக்காம மொண்டா அது சாம்பிள் இல்ல!"

பால் அசையாமல் நின்றால் கொழுப்பு மேலே ஏறிக்கொள்ளும். மேலாக மொண்டால் ஒரு கணக்கு, அடியில் மொண்டால் வேறு கணக்கு. அதனால் நீளக் கோலை விட்டு அடிவரை கலக்கிவிட்டுத்தான் குப்பியில் எடுக்க வேண்டும். கறப்பிலும் அதே கதைதான். மடியிலிருந்து முதலில் இறங்குவது நீர்த்த பால். கடைசியில் வருவதுதான் கெட்டிப் பால். ஒருமுறை ஒரு மாட்டுக்காரர், பார்த்தால் பரம சாது, தொடர்ந்து நீர்த்த பாலாகவே கொண்டுவந்தார். தண்ணீர் கலக்கவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முதல்ல கறந்தத இங்க ஊத்திட்டு, கடைசில கறந்தத வீட்டுக்கு வச்சுக்கிட்டீங்களா பெரியவரே?"

அவர் தலையைச் சொறிந்தார். "பேரப்பிள்ளைங்க இருக்குதும்மா. நல்லத அதுங்க குடிக்கட்டுமேன்னு..."

பாலைத் திருப்பி அனுப்பினாளே தவிர, அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்று முழுக்க அந்தப் பதிலை நினைத்து நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனையும் விரல்நுனியில் வைத்திருந்தவள்தான் தன் சொந்த விஷயத்தில் கோட்டை விட்டாள்.

அவளுக்கு ஒரே மகள். இரண்டு வயது முடிந்து சில மாதங்கள். பிறந்தபோது தூக்கவே பயமாக இருக்கும்படி அத்தனை சின்னதாக இருந்ததால் 'பொடிசு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. இப்போதும் ஆள் பொடிசுதான். ஓடுவாள், பேசுவாள், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "நான் இங்க இல்ல" என்று கத்துவாள். சாப்பாடு என்றால் மட்டும் ஆயிரம் சாக்கு. நாலு வாய் சோறு, பாதி முட்டை, வாழைப்பழத்தின் நுனி, அவ்வளவுதான். ஆனால் அம்மா வேலை முடிந்து வந்ததும் பால் வேண்டும். அதற்குச் சாக்கே கிடையாது.

கணவன் சரக்குக் கப்பலில், எந்திர அறையில் வேலை பார்க்கிறான். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் போன் வரும். நடுக்கடலில் இருந்தால் வராது. அவன் முகத்தைவிட அவன் பின்னால் கேட்கிற எந்திர இரைச்சல்தான் அவளுக்கு இப்போது பழக்கமாகியிருந்தது. வீட்டில் அவளும் பொடிசும் நாத்தனாரும் மட்டும்தான். இரண்டாம் மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை.

நாத்தனார் கணவனுக்கு அக்கா. தையல்காரி. முன்னறையில் தையல் எந்திரத்தைப் போட்டுக்கொண்டு தெருவில் இருப்பவர்களின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று எப்போதும் குனிந்தபடியே இருப்பாள். கட்டிக்கொண்டவன் நிலைக்கவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. அதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். பகல் முழுக்கப் பொடிசைப் பார்த்துக்கொள்வது அவள்தான். குளிப்பாட்டுவது, தலை வாருவது, ஊட்டுவது, எல்லாமே. பொடிசுக்கு ஒரு தும்மல் வந்தால் தையல் எந்திரம் நின்றுவிடும். இந்த நியாயத்தையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

நிலையத்தில் அந்தச் சின்ன அறைக்குள் நாள் முழுக்க அவள் தனிதான். மற்றவர்கள் எல்லாரும் ஆண்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவார்கள், போய்விடுவார்கள். நண்பகல் ஆகும்போது மார்பு கனத்து வலிக்க ஆரம்பிக்கும். கதவைத் தாழிட்டுக்கொண்டு, கழுவு தொட்டியின் முன் நின்று, கையாலேயே பீய்ச்சி விடுவாள். பிறகு குழாயைத் திறந்துவிடுவாள். மேடையில் ஒரு கேன் தளும்பினால்கூட மேற்பார்வையாளர் ஊரைக் கூட்டுவார். அவளுடைய பால் மட்டும் நாள்தோறும் தொட்டி வழியே போய்க்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு யாரும் இல்லை.

சாயங்காலம் படியேறி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பொடிசு ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கை கால் கழுவிவிட்டு அதில் உட்கார்ந்தால் போதும், மடியில் ஏறிவிடுவாள். குடிக்கும்போது ஒரு கை அம்மாவின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். இடையில் நிறுத்தி, பகலில் பார்த்த பூனையைப் பற்றி ஒரு சேதி சொல்லிவிட்டு மறுபடி குடிப்பாள். ஒரு நாளில் அவளை ஒருவர் தொடுகிற நேரம் அது ஒன்றுதான். அதற்காகவே அவள் அத்தனை படிகளையும் வேகமாக ஏறினாள்.

நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை.

"வாய் நிறையப் பல்லு வந்தாச்சு. இன்னும் என்ன பால்?" என்று ஆரம்பிப்பாள்.

"கேக்குறாளே அண்ணி."

"என் கத்திரிக்கோலைக்கூடத்தான் கேக்குறா. குடுத்துருவோமா?"

அவள் சிரித்து மழுப்புவாள்.

"சிரிக்காத. ஒரு வயசுக்கு மேல அது பாலே இல்ல, வெறும் தண்ணி. தண்ணியக் குடிச்சு வயித்த ரொப்பிக்கிட்டா சோறு எங்கேர்ந்து இறங்கும்? தட்டோட அவ பின்னாடி ஓடுறது யாரு, நீயா நானா? பிள்ளையப் பாரு, இடுப்புல கவுனு நிக்க மாட்டேங்குது."

கவுன் நிற்கவில்லை என்பது உண்மை. அந்தக் கவுனைப் பிடித்துத் தைத்ததே நாத்தனார்தான். போனில் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். இரைச்சலுக்கு நடுவே அவன், "அக்கா நாலும் தெரிஞ்சவங்க. அவங்க சொல்ற மாதிரியே செஞ்சிரேன்" என்றான். பிறகு யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், போன் அறுந்துவிட்டது. பொடிசு எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்க மறந்துவிட்டான்.

ஒருநாள் நாத்தனார் தையலிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"உண்மையச் சொல்லு. பிள்ளைக்காகக் குடுக்குறியா, உனக்காகக் குடுக்குறியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அதில் பாதி உண்மை இருந்தது அவளுக்கே தெரியும். தன்னுடைய தனிமைக்காகப் பிள்ளையின் வயிற்றைத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருக்கிறோமோ? அதற்கப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து பால் கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே உட்கார்ந்தது. பாலில் சத்து இருந்தால் யார் என்ன சொன்னாலும் கொடுக்கலாம். இல்லையென்றால் அவள் செய்வது பாவம். நடுவில் இன்னொரு வழி அவளுக்குத் தெரியவில்லை.

"நீதான் ஊர்ப் பாலையெல்லாம் டெஸ்ட் பண்றவளாச்சே" என்றாள் நாத்தனார், விளையாட்டாகத்தான். "உன்னோடதையும் ஒருதடவை போட்டுப் பாரேன்."

விளையாட்டுப் பேச்சு அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் நண்பகல். மேடையில் கடைசி லாரியிலும் பால் இறங்கி முடிந்து, ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவைத் தாழிட்டாள். கழுவிக் காயவைத்த குப்பி ஒன்றை எடுத்தாள். காலையிலிருந்து சேர்ந்து கனத்திருந்ததால் பால் பீய்ச்சியதும் சர்ரென்று வந்தது. குப்பி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு, மீதியை வழக்கம்போலத் தொட்டியில் விட்டாள். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அந்த நிறத்தில் பால் வந்தால் எந்திரத்தில் போடாமலே அவளுக்குச் சந்தேகம் வரும்.

எந்திரத்தில் மூன்று பொத்தான்கள்: பசு, எருமை, கலப்பு. ஒரு கணம் விரல் தயங்கியது. மனுசிக்கு என்று ஒரு பொத்தான் யார் வைக்கப் போகிறார்கள்? பசுவை அமுக்கினாள்.

எந்திரம் முனகியது. எண்கள் வந்தன. கொழுப்பு, அவள் திருப்பி அனுப்புகிற பாலிலும் குறைவு. மற்ற சத்தும் குறைவு. கடைசி வரியில், தண்ணீர் கலந்திருப்பதாக ஓர் எண். எத்தனையோ பேரிடம் அந்த வரியைக் காட்டி, "நான் சொல்லலைங்க, மெஷின் சொல்லுது" என்றிருக்கிறாள். இப்போது எந்திரம் அவளிடம் சொன்னது. அவளுக்கு அழுகை வரவில்லை. கன்னத்தில் அறைந்தது மாதிரி சூடாக இருந்தது. குப்பியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த லாரிக்காரர் ஒருவர் ஜன்னலைத் தட்டினார். "மீட்டரக்கா, நம்ம பால் என்னாச்சு? பாஸா?"

"பாஸ்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் படிகளை மெதுவாக ஏறினாள். பொடிசு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவள் நாற்காலிக்குப் போகாமல் தரையிலேயே உட்கார்ந்து, குழந்தையை எதிரில் நிறுத்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட பால் தீந்து போச்சுடா கண்ணு."

பொடிசு நம்பவில்லை. முந்தானையை விலக்கிப் பார்க்கப் போனாள். அவள் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல. எல்லாம் தீந்து போச்சு."

பிறகு நடந்தது எந்த வீட்டிலும் நடப்பதுதான். பொடிசு தரையில் புரண்டாள், கதவில் முட்டினாள், அழுது அழுது குரல் கட்டிக்கொண்டது. நாத்தனார் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் படுக்க வைத்துக்கொண்டாள். "உன் வாசனை பட்டா மறக்க மாட்டா. கொஞ்ச நாள் என்கூடவே கிடக்கட்டும்" என்றாள். சரியான யோசனைதான். அவள் மார்பை இறுகக் கட்டிக்கொண்டு அடுத்த அறையில் தனியாகப் படுத்தாள். கட்டின துணி நனைந்தது. குழந்தையின் அழுகை முதலில் பெரிதாக இருந்து, பிறகு முனகலாகி, சில நாட்களில் நின்றே போனது. பால் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். பொடிசு சோறும் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள் என்பதையும் மறைக்கக் கூடாது.

"நல்ல காரியம் பண்ணின" என்று நாத்தனார் தட்டிக்கொடுத்தாள். அன்று இவளுடைய தட்டையும் தானே சேர்த்துக் கழுவி வைத்தாள்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்தால் பொடிசு தையல் எந்திரத்துக்குக் கீழே உட்கார்ந்து நூல்கண்டுகளை உருட்டிக்கொண்டிருப்பாள். தலையைத் தூக்கிப் பார்த்து, "அத்தை, அம்மா வந்தாச்சு" என்று தகவல் சொல்லிவிட்டு மறுபடி நூல்கண்டுக்குத் திரும்பிவிடுவாள். ஓடி வருவதில்லை. அவள் கை கால் கழுவிவிட்டு, பழக்க தோஷத்தில் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்காருவாள். உட்கார்ந்த பிறகுதான் எதற்காக உட்கார்ந்தோம் என்று தோன்றும். உடனே எழுந்துவிட்டால் நாத்தனார் பார்ப்பாளே என்று கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி இருப்பாள். தெருவில் பார்க்க ஒன்றும் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் தெருவில் குழந்தைகளுக்கெல்லாம் வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிளம்பியது. ஒவ்வொரு வீடாக வந்து, பொடிசையும் பிடித்தது. சோறு நிற்கவில்லை, கஞ்சி நிற்கவில்லை. கடையில் வாங்கிய உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூனில் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். காலையில் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, பொம்மை மாதிரி துவண்டு கிடந்தாள். அவள் நிலையத்துக்குப் போகவில்லை. இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே இருந்த நர்ஸுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். பயப்படுகிற கட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் நீர் உள்ளே போயே ஆக வேண்டும் என்றார்கள். நர்ஸ் கரைசலைக் கலந்தபடியே கேட்டார்.

"தாய்ப்பால் குடிக்குதா?"

"நிறுத்திட்டேன் சிஸ்டர். இப்பதான், கொஞ்ச நாள் ஆச்சு."

"அடக் கடவுளே. இந்த நேரம் பார்த்தா நிறுத்துவ?"

நாத்தனார் முந்திக்கொண்டாள். "ரெண்டு வயசு தாண்டிருச்சு சிஸ்டர். அதுல என்ன சத்து இருக்கப் போகுது? தண்ணிதானே?"

"யார் சொன்னது தண்ணின்னு?"

"மெஷின் சொல்லுச்சு" என்றாள் அவள்.

நர்ஸ் கலக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள். பால் நிலையம், எந்திரம், மூன்று பொத்தான், பசு. கேட்கக் கேட்க நர்ஸுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு தும்மலும் வந்தது.

"பசும்பால் கன்னுக்குட்டிக்கு உண்டானது. அது ஒரு வருசத்துல மாடாகணும். உன் பிள்ளை ஒரு வருசத்துல மாடாகணுமா? அத வச்சு இத அளந்தா மெஷின் என்ன செய்யும் பாவம்? அது சரி, எவ்வளவு எடுத்துப் போட்ட?"

"ஒரு குப்பி சிஸ்டர். மத்தியானம் நல்லா கட்டியிருந்துச்சு. முதல்ல பீய்ச்சினத அப்படியே குப்பில பிடிச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். முதலில் பீய்ச்சியதைக் குப்பியில் பிடித்தாள். மீதியைத் தொட்டியில் விட்டாள். கடைசியில் வந்ததை, கெட்டியானதை, குழாயைத் திறந்துவிட்டுத் தன் கையாலேயே அனுப்பினாள். அந்த மாட்டுக்காரர் பேரப்பிள்ளைகளுக்கு என்று எடுத்து வைத்தது அதைத்தான். ஊருக்கெல்லாம் சத்தம் போட்டுச் சொன்ன ஒன்றை அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் காது அடைத்தது.

நர்ஸ் பேசிக்கொண்டே போனது பாதிதான் காதில் விழுந்தது. "ஒரு வயசுக்கு மேல பால்ல கொழுப்பு கூடத்தான் செய்யும்னு சொல்றாங்க. ரெண்டாவது வருசத்துலயும் கண்ணுக்கு வேண்டிய சத்து, புரதம், உடம்புக்குத் தெம்பு, எல்லாத்துலயும் ஒரு நல்ல பங்கு அதுலேர்ந்து கிடைக்கும். கூடவே சோறும் முட்டையும் குடுக்கணும், நான் வேணாம்னு சொல்லல. அதுக்காக இத நிறுத்தணும்னு யாரு சட்டம் போட்டது? ரெண்டு வயசுக்கு மேலயும், அம்மாவும் பிள்ளையும் விரும்புற வரைக்கும் குடுக்கலாம். சாப்பாடே வேணாம்னு கிடக்குற பிள்ளைகூட சீக்குல பால் குடிச்சுக்கும். அதுல நோயோட மல்லுக்கட்டுற சத்து வேற இருக்கு." நாத்தனார் பக்கம் திரும்பி, "கொஞ்சம் அப்பிடி நகந்து உக்காருங்கம்மா" என்றார். அவளிடம், "கரைசலும் குடு, பாலும் குடுத்துப் பாரு" என்றுவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனார்.

திரைக்குள் ஒரு கட்டில், ஒரு வாளி. அவள் கட்டிலில் உட்கார்ந்து பொடிசை மடியில் எடுத்துக்கொண்டாள். மார்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். இன்னும் கொஞ்சம் இருந்தது, வற்றிவிடவில்லை. ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

"குடிடா கண்ணு. அம்மா தரேன். இந்தா."

பொடிசு கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள், மார்பைப் பார்த்தாள். பிறகு காய்ந்துபோன சின்னக் கையைத் தூக்கி, விலகியிருந்த சட்டையை மெதுவாக இழுத்து மூடினாள்.

"தீந்து போச்சும்மா" என்றாள். அம்மாவின் கன்னத்தில் தட்டிக்கொடுத்தாள். "அழாத."

திரைக்கு வெளியே யாரோ பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தான் சொன்ன பொய்யை இந்தப் பிள்ளை இவ்வளவு பத்திரமாக நம்பி வைத்திருக்கிறதே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. தீரவில்லை, இருக்கிறது, பார் என்று எத்தனையோ விதமாகச் சொன்னாள். பொடிசு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அத்தை" என்று கூப்பிட்டாள்.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டுக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றார். "பீய்ச்சி டம்ளர்ல எடு. ஸ்பூன்ல குடுப்போம். யார் கையால குடிச்சா என்ன, உள்ள போனா சரி."

அப்படித்தான் போனது. அவள் ஸ்பூனை நீட்டினால் பொடிசு உதட்டை மூடிக்கொள்வாள். அம்மாவிடம் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அத்தை நீட்டினால் வாய் திறந்தது. கரைசல் ஒரு வாய், பால் ஒரு வாய் என்று மாற்றி மாற்றி நாத்தனார் ஊட்டினாள். முதல் சில வாய் வெளியே வந்தது. பிறகு நின்றது. பிற்பகலில் பொடிசு சிறுநீர் கழித்தபோது நர்ஸும் நாத்தனாரும் ஏதோ பெரிய வெற்றி மாதிரி சிரித்துக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

உடம்பு தேறும்வரை தினமும் இதுதான் ஏற்பாடு. காலையில் வேலைக்குப் போகும் முன்னும், வந்த பின்னும், அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டம்ளரில் பீய்ச்சுவாள். நண்பகலில் பீய்ச்சியதை மூடி போட்ட குப்பியில், நிலையத்துக் குளிர்பெட்டியின் ஓரத்தில் வைத்து வீட்டுக்கு எடுத்து வருவாள். இப்போது தொட்டிக்கு ஒரு சொட்டும் போவதில்லை. முதலில் கொஞ்சமாக இருந்தது, கேட்கக் கேட்க ஊறியது. எந்திரத்தில் அவள் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பொத்தானைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

ஒரு சாயங்காலம் நாத்தனார் குளிர்பெட்டியிலிருந்து வந்த குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்ன, மேல மஞ்சளா ஒரு விரக்கடைக்கு நிக்குது? கெட்டுப் போச்சா?"

"இல்ல அண்ணி. கொழுப்பு. நின்னா மேல ஏறிக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, கலக்கிட்டுக் குடுங்க."

நாத்தனார் குப்பியை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். குப்பியைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் போட்டாள்.

"நின்னுக்கிட்டே எதுக்குக் கஷ்டப்படுற. உக்காந்து எடு."

கதவை அவளே சாத்திவிட்டுப் போனாள்.

அவள் உட்கார்ந்தாள். அதே நாற்காலிதான். எதிரில் பாத்திர அலமாரியும் அடுப்பும். மடி காலியாக இருந்தது. சட்டையின் மேல் பித்தான், குழந்தை திருகித் திருகி நூல் தளர்ந்து தொங்கியது. தையல்காரி வீட்டிலேயே இருந்தும் அதைத் தைத்துத் தரச் சொல்லி அவள் கேட்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்பூன் கிண்ணத்தில் தட்டும் சத்தம். பொடிசு இப்போது நன்றாகப் பேசினாள். பூனையைப் பற்றி ஒரு சேதி சொன்னாள். அந்தச் சேதி அத்தைக்கு. பிறகு சப்புக்கொட்டும் சத்தம்.

"அத்தை, உன் பால் இனிக்குது."

ஸ்பூன் கிண்ணத்தில் தட்டுவது நின்றது.

"என்னோடது இல்லடி தங்கம்" என்றாள் நாத்தனார். "உங்கம்மாவோடது."

"அம்மாகிட்ட தீந்து போச்சு" என்றாள் பொடிசு, பெரியவர்களுக்கு விவரம் சொல்கிற தோரணையில். "அத்தைகிட்டதான் இருக்கு."

சமையலறையில் அவள் கை நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடி, இல்லையடி, இது நான், இது என்னோடது என்று கத்தலாம். கத்தினால் பிள்ளை உதட்டை மூடிக்கொள்ளும். கன்னம் இப்போதுதான் கொஞ்சம் ஒட்டாமல் எழும்பி வந்திருக்கிறது. அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கண்ணீர் டம்ளருக்குள் விழாமல் இருக்க முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

கதவு லேசாகத் திறந்தது. நாத்தனார் காலிக் கிண்ணத்தோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இன்னும் கேக்குறா. இருக்கிறதக் குடேன், போதும்."

அவள் டம்ளரைக் கொடுக்கவில்லை. மறுபடி குனிந்தாள்.

"கொஞ்சம் இருங்க அண்ணி" என்றாள். "நல்லது கடைசிலதான் வரும்."